நாலாவது சோதனைத் தட்டு

"சரியில்லம்மா. திரும்ப வெட்டுங்க."

சொல்லிவிட்டு, கையில் கொண்டுவந்த அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார் கிதார்க்காரர். தட்டு வெட்டும் இன்ஜினியர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இது நாலாவது முறை.

ஐம்பது வருடமாக ப்ளூஸ் ராக் வாசிக்கிற மனிதர். இந்த ஆல்பத்தை இசைத்தட்டாகத்தான் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். பதிவான பாட்டை மெஷினில் தட்டின்மேல் கோடு கோடாக வெட்டுவது அவளுடைய வேலை. அதிலிருந்து ஒரு சோதனைத் தட்டு அச்சடித்து, பெட்டியில் வைத்து ஒட்டி, இசைக்காரரின் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் போட்டுக் கேட்டு, 'சரி' என்று கையெழுத்துப் போட்டால்தான் மற்ற தட்டுகள் அச்சாகும். ஒவ்வொரு முறையும் இதற்கு முழுசாக ஒரு மாதம் பிடிக்கும்.

முந்தைய மூன்று முறையும் போனில்தான் குறை சொன்னார். முதல் மாதம், பேஸ் கிதார் ரொம்பத் தடித்து ஒலிக்கிறது என்றார். குறைத்தாள். இரண்டாம் மாதம், மெலிந்துவிட்டது என்றார். ஏற்றினாள். மூன்றாம் மாதம், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் ஏதோ இரைகிறது என்றார். நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டும் அந்த இரைச்சல் அவளுக்கு அகப்படவில்லை. எந்த மாமியாரும் மருமகளிடம் இத்தனை குறை கண்டுபிடித்திருக்கமாட்டாள்.

முதலாளி பொறுமை இழந்துவிட்டார். இந்தத் தடவையும் 'சரி' வராவிட்டால் வெட்டும் மெஷினை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவளை அட்டையில் லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவேன் என்று நேற்றுத்தான் சொல்லியிருந்தார். பதினாறு வருடமாகக் காதை நம்பிப் பிழைக்கிறவள் அவள். போன வாரம் வீட்டில்கூடச் சொல்லாமல் காது டாக்டரிடம் போய்வந்தாள். குறை ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"இப்ப என்ன சார் குறை?"

"ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு. மவுத் ஆர்கன் மங்கலாக் கேக்குது."

அந்தப் பாட்டு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே வரியை இரண்டு முறை பாடிப் புலம்புவார். மூன்றாவது வரியில் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வார். நடுவில் கம்பியை வளைத்து வளைத்துக் கிதாரை அழவிடுவார். அது அழுது ஓய்ந்ததும், துக்கம் கேட்க வந்தவர் பக்கத்தில் உட்காருவதுபோல மவுத் ஆர்கன் மெதுவாக வந்து சேரும். வாசித்தவர் மூச்சு வாங்குவதுகூட அதில் துல்லியமாக விழுந்திருந்தது. அதைப் போய் மங்கல் என்கிறாரே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இரண்டு பேருமாகச் சேர்ந்தே கேட்டுவிடலாம் என்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் வேண்டாம் என்று தடுப்பதற்குள் அது அவள் கைக்கு வந்துவிட்டது. மூடியின்மேல் அவள் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. அதன் குறுக்கே அவள் எழுதிய தேதியும் கையெழுத்தும் கொஞ்சம்கூடக் கலையவில்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெட்டியப் பிரிக்கவே இல்லையே சார். கேக்காமலே சரியில்லன்னு சொன்னா எப்படி? என் வேலை போகப்போகுது. காது போயிடுச்சோன்னு பயந்து நான் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன், தெரியுமா?"

அவர் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். முந்தைய மூன்று பெட்டிகளையும் பிரிக்கவில்லை என்று தலை குனிந்தபடி ஒப்புக்கொண்டார். முதலாளியிடம் தானே போய்ப் பேசுவதாகவும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். ஆனால் அந்த 'சரி' மட்டும் தன் கையால் வராது என்றார்.

"ஏன் சார்? உங்க ஆல்பம் வெளிய வர வேணாமா?"

அவர் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினார். பெட்டிமேல் இருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மவுத் ஆர்கன் வாசிச்சது என் மச்சினன்மா, என் சம்சாரத்தோட தம்பி. நாப்பது வருஷமா மேடையில என் பக்கத்துலயே நின்னவன். நெஞ்சுல வியாதி, ஒரு மாசம் தாங்கினா அதிகம்னு டாக்டருங்க சொன்னாங்க. சொல்லி இதோட அஞ்சு மாசம் ஆச்சு." அவர் டேப்பின் ஓரத்தை விரலால் நீவினார். "'தட்டு வரட்டும் மாமா, ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டுப் போயிடறேன், அது வர்ற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்'னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கான்."