ஃப்ரோவர்டு

ஸ்பூனை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

ஜெபம் பண்ணவில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுவது அவர் மட்டும்தான். சர்ச் ஐயர் விருந்துக்கு வந்திருந்தபோதுகூட விட்டுக்கொடுக்கவில்லை. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கண்ணை மூடி முழு ஜெபத்தையும் சொல்லிவிட்டுத்தான் கஞ்சியைத் தொட்டார். கஞ்சி ஆறிப்போய்விட்டது. அவ்வளவு வீம்பு.

வேண்டுமென்றேதான் பியூலா ஜெபத்துக்குக் காத்திராமல் ஊட்டப் போனாள். ஸ்பூனைத் தட்டிவிடுவார் என்று நினைத்தாள்.

தட்டிவிட மாட்டாரா என்றிருந்தது.

"சின்னப்புள்ள மாதிரி சாப்பிடுதாங்க. ஒரு அடமும் கிடையாது."

அண்ணன் மனைவி வாசலில் நின்று சொன்னாள். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மற்ற வீட்டு அப்பாக்கள் கழுதை, எருமை என்று திட்டுவார்கள். இவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். திட்டும்போதுகூட பழங்கால இங்கிலீஷ்தான். பால் குடிக்காவிட்டால் வேவர்டு. பாடகர் குழுவுக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றால் ஆப்ஸ்டினேட். எதிர்த்துப் பேசினால் கான்டுமேஷியஸ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே பாதிக் கோபம் போய்விடும்.

முத்துக்குமாரைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்ன அன்று புதிதாக ஒன்று வந்தது.

ஃப்ரோவர்டு.

நல்லது எந்தப் பக்கமோ அதற்கு முதுகைக் காட்டி நிற்கிறவள். இப்போது இங்கிலீஷ்காரர்களே அந்த வார்த்தையைச் சொல்வதில்லையாம்.

அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்கவில்லை. அவள் மட்டும் சளைத்தவளா? அவராகக் கூப்பிடும்வரை இந்தப் படி ஏறுவதில்லை என்று இருந்துவிட்டாள்.

அவருக்கு இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று அண்ணன் போன் பண்ணினான். மற்றவர்களை மறந்திருக்கலாம், தன் மேல் உள்ள கோபத்தை மறந்திருக்க மாட்டார் என்று நம்பி பஸ் ஏறினாள். பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அது போதும். வேறு யாரிடமும் அவர் அப்படி முகத்தைத் திருப்பியதில்லை.

திருப்பவில்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டைக் கட்ட வந்ததும் தலையைத் தூக்கிக் கொடுத்தார்.

இன்னொரு ஸ்பூன். வாய் திறந்தது.

அவர் காதுப்பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஃப்ரோவர்டு."

விழுங்கினார்.

"நான்தாம்பா. பியூலா."

தலையை ஆட்டினார். காலையில் மாத்திரை கொடுத்தபோதும், ஜன்னலைச் சாத்தியபோதும் இப்படித்தான் ஆட்டினார்.

அவளுக்குத் தாங்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதரிடமா இத்தனை வருஷம் தோற்கமாட்டேன் என்று நின்றோம் என்று அழுகை வந்தது.

"ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

அவர் அவளையே பார்த்தார். என்ன சொன்னாலும் செய்துவிடுகிற முகம்.

"வேண்டாம்" என்றார்.

பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.