தொண்ணூறு போதும்

யாரும் பார்க்கவில்லை.

அவள் திருகினாள்.

சுவரில் பொருத்தியிருந்த ஆக்சிஜன் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு. ஒன்று என்ற கோட்டில் கிடந்தது ஆறுக்கு ஏறியது. கீழே பாட்டில் தண்ணீர் உலை கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. புருசனின் மூக்கில் செருகியிருந்த குழாய் சீறியது.

பக்கத்துக் கட்டிலுக்கு ஆறு. இவருக்கு மட்டும் ஒன்று. காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"விரல்ல தொண்ணூறு காட்டினாப் போதும்மா. அதுக்கு மேல வேணாம். இதத் தொடக்கூடாது" என்று சின்ன டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

போதும்.

அந்தச் சொல்லை அவளுக்குத் தெரியும். ரயில் கூட்ஸ் ஷெட்டில் சிந்திய சிமெண்டைக் கூட்டி அள்ளியவள். பாதிக் குடம் நிறைந்ததும் தண்ணீர் லாரிக்காரன் சொல்வான், போதும் என்று. ரேஷன் கடையில் எடை போடுகிறவன் சொல்வான். வாங்குகிறவர் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

புருசனின் விரலைக் கவ்வியிருந்த கருவியில் எண் ஏறியது. எண்பத்தொன்பது. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றேழு.

தொண்ணூற்றொன்பது.

நூற்றுக்கு ஒன்றுதான் குறைச்சல். போகட்டும் என்று விட்டாள்.

மூன்று நாளாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குப் போராடியவர். சிமெண்டு மூட்டை சுமந்த தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கும். அந்தத் தோள்கள் இப்போது தணிந்தன. தலை பின்னால் சாய்ந்தது.

தூங்கிவிட்டார்.

அவள் முந்தானையால் விசிறினாள். கேட்டு வாங்கத் தெரியாதவர்கள்தான் ஆஸ்பத்திரியில் சாகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தாள். அவர் தோளைத் தட்டினாள். அசைவில்லை. நடுநெஞ்சில் விரல்முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு முனகல். அவ்வளவுதான்.

"தூங்கட்டும் தாயி. மூணு நாளாக் கண்ணு மூடல."

டாக்டரம்மா அவர் விரலில் இருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். எட்டித் திருகிக் குண்டை ஒன்றுக்கு இறக்கினாள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்து ஊசியை இறக்கினாள்.

யாரும் இழுக்காமலே ஊசிக்குழலில் ரத்தம் துள்ளி ஏறியது. செக்கச்செவேல் என்று.

"பாத்தீங்களா தாயி, என்ன செவப்புன்னு!"

வார்டு ஆள் ஊசிக்குழலை வாங்கிக்கொண்டு ஓடினான். ரத்தச் சோதனைச் சீட்டோடு திரும்பி வந்தான். டாக்டரம்மா படித்தாள்.

"யாரு திருகுனா?"

"நான்தான்." குரலில் ஒளிவு மறைவு இல்லை. "நீங்க குறைச்சுக் குடுத்தீங்க. நான் கூட்டிக்கிட்டேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். டாக்டரம்மா கத்தவில்லை.

"விரல்ல இருக்கது நல்ல காத்து எவ்வளவுன்னு மட்டுந்தாம்மா காட்டும். ரத்தச் செவப்பும் அதேதான். கெட்ட காத்து வெளிய போகுதான்னு ரெண்டுக்கும் தெரியாது. இவரு நெஞ்சு இருக்க நெலமைக்கு நல்லதக் கூட்டிக் குடுத்தா, கெட்டது வெளிய போறது குறஞ்சிரும். ரத்தத்துலயே தேங்கிருச்சு. நாப்பதுல இருக்க வேண்டியது நூறத் தொடப் போகுது. இது தூக்கமில்ல, மயக்கம். இப்பிடியே விட்டா மூச்சே நின்னுரும்."

கூட்ஸ் ஷெட்டுக்கு வேகன் வந்து நின்றுகொண்டே இருக்கிறது. லாரி ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஷெட்டில் கால்வைக்க இடமில்லை.

அப்படித்தான் அவளுக்குப் புரிந்தது.

"கெட்டத வெளிய தள்ள மூஞ்சில மாட்டுற மெஷின் மாடில இருந்து வருது. அதுவரைக்கும் அசந்துற விடாதீங்க. மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லுங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

பேருக்கெல்லாம் எழும்புகிற ஆள் இல்லை அவர். உலுக்கினாள். கையைக் கிள்ளினாள். இமை லேசாகப் பிரிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

அவள் காதருகே குனிந்தாள்.

"ஏ மனுசா. மழ வந்தன்னைக்கு வேகனக் காலி பண்ணது நீ இல்ல. கடைசி மூட்ட மருதப்பன் முதுகுல போச்சு. நான் பாத்தேன்."

அந்த வேகனைத் தானே காலி பண்ணிய கதையை அவர் சொல்லாத டீக்கடை ஊரில் கிடையாது. சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அவள் தலையாட்டியிருக்கிறாள்.

புருவம் நெரிந்தது.

"மருதப்பன்தான்" என்றாள், வார்டுக்கே கேட்கும்படி. "நீ வேகனுக்கு அடியில ஒக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருந்த."

உதடு பிரிந்தது. உள்ளே கிடந்த காற்று நீளமாக வெளியே வந்தது. அதோடு ஒரு சொல்லும்.

"பொய்யி..."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"விடாதீங்க. பேசுங்க, பேசுங்க."

மெஷின் இன்னும் வரவில்லை.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இத்தனை வருசமாக வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தது நிறைய இருந்தது.