பின்னால் நிற்க ஒருவர்

கார் கம்பெனியில் பேட்டரியை மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். அந்த விலைக்கு ஒரு பழைய காரே வாங்கிவிடலாம். பேட்டரிக்குள் கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னவர் ஜாபர் பாய் ஒருவர்தான். தேன்மொழி தன் ஹைபிரிட் காரை அவர் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

பாய் பேட்டரிக்கு மேலிருந்த பின்சீட்டைக் கழற்றி வைத்தார். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று மோதிரத்தை உருவினார். பிறகு தாயத்தை அவிழ்த்தார். கடைசியில், பொத்தான் இல்லாத இடத்தில் சட்டையைப் பிடித்திருந்த ஊக்கையும் எடுத்து, எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தார். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முனை வளைந்த நீளமான மரக்கம்பு ஒன்றை நீட்டினார்.

“எனக்குப் பின்னாடி நில்லுங்க மேடம். கரண்ட் புடிச்சிருச்சுன்னா கையால தொட்றாதீங்க. இதை மாட்டி இழுங்க.”

“இதுக்கு முன்னாடி யாரையாவது இழுக்க வேண்டி வந்திருக்கா பாய்?”

“சேச்சே. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

அவர் காருக்குள் குனிந்தார். தேன்மொழி கம்பைத் திருப்பிப் பார்த்தாள். அதன் வளைவில், நூலோடு பிய்ந்து வந்த நீலப் பொத்தான் ஒன்று சிக்கியிருந்தது. பாயின் சட்டையில் மிச்சமிருந்த பொத்தான்களும் அதே நீலம்தான்.

“ரெடியா மேடம்?” என்றார் பாய், திரும்பாமல்.