கண்ணாடியில் வைத்த விரல்

"ஒங்க விரல்ல சாமி ஒண்ணும் எழுதலையா, சித்தி?"

கூட வேலை செய்யும் சலேத்தின் மகள் ஒருநாள் அவளிடம் கேட்டது. விரலை மையில் தொட்டு வண்ணத்துப்பூச்சி செய்துவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில். பிள்ளையின் விரல் கோடு கோடாக விழுந்தது. அவளுடையது வெறும் கறுப்பு வட்டமாக விழுந்தது.

அன்று சிரித்துவிட்டாள்.

இன்று ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள். முன்னால் ஆறு பேர். பின்னால் சலேத்.

சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. கைரேகை பதியாதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஆள் இல்லை' என்றிருந்தது. மாதக் கடைசியில் அடுத்த பட்டியல் வரும். அதில் ஏறிவிட்டால் அட்டையில் பெயர் கிடையாது. அரிசி கிடையாது.

மூன்றாவது பெயர் மிக்கேலம்மாள்.

மிக்கேலம்மாள் அந்தச் சுவருக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். காலிப் பையை மடியில் மடித்து வைத்திருந்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

வரிசையில் நின்றவளுக்கு இறால் கொட்டகையில் பதினெட்டு வருடம். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவவேண்டும். கை ஐஸ் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். முதலில் நகக்கண் வெடிக்கும். பிறகு விரல் நுனி. பிறகு தோல் மழுங்கிக் கண்ணாடியாகிவிடும்.

ரேஷன் கடையில் கண்ணைப் பார்த்துப் பதியும் கருவி பழுதாகி மூன்று மாதம்.

அவள் விரலைக் கருவி நான்கு முறை தள்ளிய அன்று, சலேத் ஒரு டப்பாவை அவள் மடியில் போட்டாள். சலேத்தின் தம்பி கப்பலில் போகிறவன். ஏதோ ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் வாங்கி வந்தது. ஷியா என்று ஒரு மரமாம். அதன் கொட்டையை வறுத்து, இடித்து, கடைந்து எடுத்த வெண்ணெயாம். மெழுகு நிறம். லேசான புகை வாசம்.

சலேத் அதை முடிக்குப் பூசிவந்தாள். உப்புக்காற்றில் தும்பாகப் பறக்கும் முடி, அதைப் பூசினால் அடங்கிக் கிடக்கும்.

"அப்ப ஒங்க முடிக்கு, அக்கா?"

"எம் முடியா ரேஷன் வாங்கப் போவுது? தேய்ட்டி."

சலேத்துக்கு விரல் எப்போதும் பதியும். "ஒன்னோட சேந்தே வைக்கேன்" என்று தன் பதிவையும் தள்ளிப்போட்டாள்.

அவள் ஒரு வாரம் விரலில் வெண்ணெய் தேய்த்தாள். ஆசையில், கடைக்குப் போகும் காலையிலும் அள்ளிப் பூசிக்கொண்டாள். விரல் கண்ணாடியில் வழுக்கியது.

"மெஷினுக்கு எண்ணெக் குளியலாக்கா?" என்றார் கடைக்காரர். வரிசை சிரித்தது.

வெண்ணெய் மட்டும் போதாது, ஐஸும் படக்கூடாது என்றாள் சலேத். சொன்னபடியே ரப்பர் உறை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டாள். உறைக்குள் விரலுக்கு நரம்பு தட்டுப்படாது. கை ஓடாது. மணி அடிக்கும்போது உரித்த இறாலால் பேசின் நிறையாதவளுக்கு மறுநாள் கொட்டகையில் இடமில்லை.

ஆனால் அவள் பேசின் நிறைந்தது.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அது கனத்திருக்கும். பக்கத்தில் சலேத்தின் பேசின் இறங்கியிருக்கும். சலேத் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருப்பாள், இரண்டு பேருக்குமாக.

அவள் கேட்கவில்லை. சலேத் சொல்லவில்லை.

அப்படி இருபத்தொரு நாள்.

இன்று வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது.

சேலைத் தலைப்பால் விரலை அழுத்தித் துடைத்தாள். மாதாவே என்றாள், உதடு அசையாமல். வைத்தாள்.

சிவப்பு விளக்கு.

துடைத்தாள். வைத்தாள். சிவப்பு.

"இன்னும் ஒரு தரம்தாங்க்கா. ஆளுங்க நிக்காங்கல்லா."

மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டாள்.

கருவியின் ஓசை மாறியது. திறந்தபோது பச்சை எரிந்தது.

சலேத் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்த முகத்தோடு முன்னால் வந்தாள். விரலை நீட்டினாள்.

சிவப்பு.

சிவப்பு.

சிவப்பு.

"எங் கையா?" என்றாள் சலேத்.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனி கண்ணாடியாகப் பளபளத்தது.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குக்கா" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாள்.

சுவருக்கு அடியிலிருந்து மிக்கேலம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இடம் விடுவதுபோல.

திரும்பும் வழியில் அவள் தன் உறைகளையும் டப்பாவையும் எடுத்துச் சலேத்தின் பைக்குள் வைத்தாள். டப்பாவைச் சுரண்டினால் இரண்டு விரலுக்கு வரும். சலேத் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் கொட்டகையில் சலேத் உறை மாட்டி உட்கார்ந்தாள். துணித்தொப்பிக்கு வெளியே அவள் முடி தும்பாகப் பறந்தது. கை ஓடவில்லை. பேசினில் அடி தெரிந்தது.

தேநீர் வந்தது. எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். சலேத்தும் போனாள்.

அவள் போகவில்லை.

தன் பேசினைத் தூக்கிச் சலேத்தின் பேசினில் கவிழ்த்தாள். கவிழ்த்தது தெரியாதபடி கையால் பரப்பிவிட்டாள். ஈர விளிம்பில் பெருவிரலால் சிறிதாக ஒரு சிலுவை போட்டாள். அது உடனே வழிந்து மறைந்தது.

வெளியே தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி உட்கார்ந்து, வெறும் கையை ஐஸுக்குள் விட்டாள்.

முதலில் சுட்டது.

பிறகு ஒன்றும் தெரியவில்லை.