இன்னும் ஒரே ஒரு ஃபர்ம்வேர்

ஒரு போனுக்குள் எமுலேட்டர் ஒன்று இருந்தது. கையடக்க கேம் கருவி மாதிரியே நடித்து, அந்தக் கருவியின் கேம்களைப் போனில் ஓட வைப்பதுதான் அதற்குப் பிழைப்பு. அதை நம்பி ஒரு கார் பந்தய கேம் வந்து சேர்ந்தது.

"ஆரம்பிக்கலாமா அண்ணே?"

"இரு தம்பி. ஃபர்ம்வேர் என்கிற அடிப்படை மென்பொருள் இல்லாமல் கருவிக்கு உயிர் ஏது? ஏற்றிவிட்டு வருகிறேன்."

ஏற்றி முடிப்பதற்குள் அதைவிடப் புதிய ஃபர்ம்வேர் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டது. எமுலேட்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதையும் இறக்கியது. அப்புறம் அதற்கடுத்தது.

"முதலில் போட்டதிலேயே நான் ஓடுவேன் அண்ணே. வண்டி கோட்டில் உறுமிக்கொண்டு நிற்கிறது," என்றது கேம்.

"பாதி வழியில் நின்றால் யார் மானம் போகும்? இன்னும் ஒன்றே ஒன்று, பொறு."

அந்த ஒன்று மிகப் பெரியது. "இடமில்லை. எதையாவது அழித்தால்தான் உள்ளே விடுவேன்," என்றது போன்.

எமுலேட்டர் பரபரவென்று சுற்றிலும் தேடியது. வேலையில்லாமல் சும்மா நின்றது அந்த கேம் ஒன்றுதான். அதை அழித்துவிட்டது.

ஃபர்ம்வேர் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. எமுலேட்டர் இப்போதுதான் மூச்சு விட்டது.

"எல்லாம் தயார். எடு தம்பி வண்டியை!" என்றது.