சுறா யார் பக்கம்?

சுறா வாயைத் திறந்துகொண்டு வீட்டில் ஒவ்வொருவராகப் பிடித்து வருகிறது. தன் முறை வருவதற்குள் எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று ஸ்மைலினுக்கு ஒரே படபடப்பு.

ஒன்றாம் வகுப்பு பெபிஷா தரையில் குப்புறப் படுத்து, கணக்கு நோட்டில் அந்தச் சுறாவை வரைந்துகொண்டிருந்தாள். எந்த எண் பெரிசோ அந்தப் பக்கம் அது வாய் திறக்கும். வீட்டு ஆட்களின் வயசை இரண்டிரண்டாக எழுதி வாய் போட்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர்.

"பாட்டாவுக்கு எத்தன வயசு பாட்டி?"

"அறுபத்தெட்டு," என்றாள் ஸ்மைலினின் மாமியார் ஜெபமணி, பட்டென்று.

"உனக்கு?"

மாமியார் மடியிலிருந்த உள்ளித் தோலை ஊதினாள். இன்னொரு தரம் ஊதினாள். "ம்... அறுபத்தஞ்சு போட்டுக்க."

சுறா பாட்டா பக்கம் வாயைத் திறந்தது.

"ஆம்பிளதான் மூத்திருக்கணும், அதுதான் முறை. தெக்குவீட்டு மருமவ ஒரு வயசு மூப்பாம். கேட்டதும் எனக்குச் சோறே இறங்கல," என்றாள் மாமியார்.

சாளை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்த ஸ்மைலினின் கை அப்படியே நின்றது. பெண் பார்க்க வந்த அன்று அவள் வீட்டார் ஐந்து வயசைக் குறைத்துத்தான் சொன்னார்கள். பஹ்ரைனில் மீன்பிடிக்கிற புருஷன் ஷிஜினுக்குத் தெரியும்; சிரித்துவிட்டுப் போனான். இந்த மனுஷிக்கு மட்டும் தெரியவே கூடாது.

"அப்பாவுக்கு முப்பத்திரெண்டு. அம்மா, உனக்கு?"

"இருபத்தொம்பது மக்கா. எழுதிட்டு எழும்பு, போய் வெளையாடு."

"பொய்யி! நாகர்கோவில் ஆஸ்பத்திரியில சீட்டு எடுக்கும்போ முப்பத்திநாலுன்னுல்லா சொன்ன?"

"உனக்குக் காது சரியாக் கேட்டிருக்காது பிள்ளே."

"நல்லாக் கேட்டுது. ரெண்டு தடவ சொன்ன."

நோட்டைப் பிடுங்கலாமென்றால் கையெல்லாம் செதிள். பிள்ளையோ, முந்தின நாள் இவளே சொல்லிச் சொல்லிப் பதிய வைத்த பாடத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தது.

"முதல்ல பத்தப் பாரு. ரெண்டுலயும் மூணு. பொறவு ஒண்ணப் பாரு. இதுல ரெண்டு, இதுல நாலு..." பென்சில் நகர்ந்தது. "அம்மாதான் பெரிசு! சுறா அம்மாவப் பாத்து வாயத் தொறந்திட்டு!"

உள்ளி முறம் தரையில் இறங்கிற்று. "ஏட்டி பெபிஷா, முற்றத்துல கோழி கெடக்கான்னு பாரு, ஓடு!"

பிள்ளை வெளியே ஓடியதும் மாமியார் கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டாள். பின்னால் எரிகிற அடுப்பு, முன்னால் இவள்.

"மாமி... நான் வேணும்னு..."

மாமியார் கிட்டே வந்தாள். சேலைத் தலைப்பால் மருமகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த செதிளைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு எழுபத்தொண்ணு மக்கா. மாமாவுக்கு இதுவர தெரியாது."