மூடாத வேர்

"என் பல்லு புகையிலை போட்டுக் கெட்டதுன்னு சொன்னவன் எவன்? எதிர்ல வந்து நின்னு சொல்லட்டும்!"

சௌந்தரம் போட்ட சத்தத்தில், பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வலியை மறந்து திரும்பினார்கள். 

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி டேனரியாக ஏறி இறங்கி, வெட்டிக் கழித்த துண்டுத்தோல் வாங்கி விற்று, ஒற்றை ஆளாக முன்னுக்கு வந்தவள் சௌந்தரம். பேரத்தில் அவளை மடக்கினவன் கிடையாது. ஆனால் முன்பல் ஒன்று கறுப்பு. அதன் ஈறில் கொப்புளம் வற்றும், மறுபடி சீழ் கட்டும். புகையிலையைக் கையால்கூடத் தொட்டதில்லை; ஊர் வாயில் மட்டும் புகையிலைக்காரி. போன வாரம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதையே சொல்லி எழுந்து போய்விட்டார்கள்.

"யார் சொன்னா என்ன? வாயைப் பார்த்தாலே தெரியுது" என்றார், பேர் எழுதும் மேஜையிலிருந்த பெரியவர் ஞானசீலன். டாக்டரின் அப்பா. ரிடையரான வாத்தியார். "டேனரி நாத்தம் தாங்கல. வாசலண்டை போய் உக்காரு."

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று சௌந்தரத்துக்குப் பட்டது.

உள்ளே டாக்டர் ஜெபராணி ஈறை அழுத்திப் பார்த்தாள். "பிடுங்கிடலாமா?"

"பிடுங்கறது அப்புறம் டாக்டரம்மா. இது எதனால கெட்டதுன்னு சொல்லுங்க. சொல்லாம இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

"எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்."

"எடுங்க!"

ஈரம் காயாத சின்ன ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் டாக்டர். அவள் முகம் மாறியது.

"வேர் நுனியில கறுப்பா வட்டம் தெரியுதா? சீழ் எலும்பைத் தின்ன இடம். பக்கத்துப் பல்லைப் பாருங்க, வேர் கூர்ந்து மூடியிருக்கு. உங்க பல்லுக்கு நுனி திறந்தே கிடக்கு. வேர் வளர்ந்து முடியறதுக்குள்ள பல்லு செத்துப்போச்சு."

"எப்போ?"

"எட்டு வயசு இருக்கும். அந்த வயசுல யாரு புகையிலை போடுவாங்க? இது அடி. கீழ விழுந்தீங்களா?"

"விழல, அடிச்சாங்க."

"மூஞ்சியிலேயா?" டாக்டருக்குக் குரல் உயர்ந்தது. "பச்சப்பிள்ளைய இப்படி அடிச்ச ஆளு மனுஷனா? அப்பா, இங்க வாங்க! இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னீங்களே, இந்த அநியாயத்தைப் பாருங்க!"

பெரியவர் வந்தார். ஃபிலிமைப் பார்த்தார்.

சௌந்தரம் நாற்காலியிலிருந்து இறங்கினாள். இப்போது அந்தக் குரல் யாருடையதென்று தெரிந்துவிட்டது.

"மூணாங்கிளாஸ், டாக்டரம்மா. டேனரியில வேலை செய்றவங்க பிள்ளைங்கள எல்லாம் வாசலண்டை உக்கார வச்சாரு வாத்தியாரு. நாத்தமாம். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதிலுக்கு டஸ்டர்கட்டை பறந்து வந்துச்சு. வாயெல்லாம் ரத்தம்."

"எந்த வாத்தியார்?"

சௌந்தரம் டாக்டரைப் பார்க்கவில்லை. பெரியவரின் காலையே பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் வெளியே கழற்றிப் போட்டிருக்க, அவர் காலில் மட்டும் ஆம்பூர்ச் செருப்பு பளபளத்தது.

ஞானசீலன் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"எங்க போறீங்க சார்? அடிச்சதக்கூட விடுங்க. அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னிக்காவது பதில் சொல்லுங்க, பெஞ்சுல இருக்கிறவங்களுக்கும் கேக்கிற மாதிரி: உங்க கால்ல கிடக்கிற செருப்பு இன்னாத்துல செஞ்சது சார்?"